கார் ரேடியோவைக் கொன்ற பழைய பழக்கங்கள்

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன விபத்தில் இருந்து ஆரம்பிக்கலாம்.

கொஞ்சம் பழைய கார். ஒருத்தர் அதுக்குப் புது பேட்டரி போடுறார். அவசரத்தில் சிவப்பு வயர் நெகட்டிவ்லயும் கறுப்பு வயர் பாசிட்டிவ்லயும் போயிடுது. ஒரு பொறி பறக்குது. உடனே சுதாரிச்சு சரியா மாட்டிடுறார். ஹெட்லைட் எரியுது. ஹார்ன் அடிக்குது. "அப்பாடா"ன்னு ரேடியோவைத் தட்டினா, அது மட்டும் பேச மாட்டேங்குது.

ஏன் ரேடியோ மட்டும்? பல்புக்கு உள்ளே இருக்கிற இழை சூடாகணும், அவ்வளவுதான். கரண்ட் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தாலும் அதுக்கு ஒண்ணுதான். ஹார்னும் அப்படித்தான். ரேடியோவுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

ஆனா எப்பவுமே இப்படி இல்லை. 1940-ல் இதே தப்பைப் பண்ணியிருந்தா, பல ரேடியோக்கள் எதுவுமே நடக்காத மாதிரி பாடிக்கிட்டு இருந்திருக்கும். 1960-ல் பண்ணியிருந்தா செத்தே போயிருக்கும். 2000-ல்னா ஃபியூஸ் மட்டும் போய் ரேடியோ பிழைச்சிருக்கும். தப்பு ஒண்ணுதான், முடிவு மூணு.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். டயோடு எப்படி வேலை செய்யுதுன்னு காலேஜில் கேட்டிருக்கேன், பரீட்சையில் எழுதியும் இருக்கேன். ஆனா ஒரு கார் ரேடியோ போர்டில், பவர் வயர் உள்ளே நுழையுற இடத்திலேயே, ஒரு டயோடு ஏன் சும்மா குறுக்கே உட்கார்ந்திருக்குன்னு யாரும் சொல்லலை. அதைத் தேடிப் போனப்போ இந்த வரலாறு கிடைச்சது. அதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. ரேடியோவை எரிச்சவங்களில் பலர் தொழில் தெரியாதவங்க இல்லை. நல்லா தெரிஞ்சவங்க. என்ன, அவங்களுக்குத் தெரிஞ்சது போன தலைமுறை கார்.

பேட்டரியை நம்பாத ரேடியோ

1930-க்குப் போகலாம். சிகாகோவில் கால்வின் மேனுஃபாக்சரிங் கார்ப்பரேஷன்னு ஒரு சின்ன கம்பெனி. 1928-ல் பால் கால்வினும் அவர் தம்பி ஜோசப்பும் தொடங்கியது. முதலில் அவங்க செஞ்சது பேட்டரி எலிமினேட்டர். வீட்டு ரேடியோவை பேட்டரி இல்லாம நேரடியா கரண்டில் ஓட்ட உதவும் பெட்டி. கொஞ்ச நாளில் வீட்டுக் கரண்டிலேயே ஓடுற ரேடியோக்கள் வந்துவிட்டன. இந்தப் பெட்டிக்கு வேலை இல்லாமல் போனது. கூடவே பொருளாதாரப் பெருமந்தமும் வந்தது. கால்வின் அடுத்து கையில் எடுத்தது கார் ரேடியோ.

1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு. கால்வின் தன் காரை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, ரேடியோவைச் சத்தமா வச்சார். போற வர்றவங்க நின்னு கேட்டாங்க, ஆர்டர் வந்தது. அந்த மாடல் 5டி71. விலை 110 முதல் 130 டாலர் வரை. புது ஃபோர்டு மாடல் ஏ காரே சுமார் 500 டாலருக்குக் கிடைத்த காலம் அது. காரின் விலையில் நாலில் ஒரு பங்கு ரேடியோவுக்கு! மோட்டார், ஓலா ரெண்டையும் சேர்த்து அதுக்கு மோட்டோரோலான்னு பேர் வச்சாங்க. 1947-ல் கம்பெனியின் பேரே அதுவாகிடுச்சு.

இதில் ஒரு கதை ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு. கடன் கேட்டுப் போன கால்வின், பேங்க் அதிகாரியை மகிழ்விக்க அவருடைய பேக்கார்டு காரில் ஒரு ரேடியோ மாட்டிக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடிச்சுதாம். கடன் கிடைக்கலை. கதையாவே வச்சுக்கோங்க. ஆனா அந்தக் காலத்து வயரிங்கைப் பாத்தா, இது நடக்காதுன்னு சொல்ல மனசு வராது.

ஏன்னா ரேடியோவுக்குள்ளே இருந்தது வால்வு. கண்ணாடிக் குழாய். அது வேலை செய்ய 200 வோல்ட் அளவுக்கு வேணும். காரில் இருந்த பேட்டரியோ 6 வோல்ட். ஆரம்பத்தில் 45 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக் கோத்து, காரின் தரைக்கு அடியில் பெட்டி கட்டி வச்சாங்க. அது தீர்ந்தா புதுசு வாங்கணும்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தது வைப்ரேட்டர்னு ஒரு பொருள். ஒரு சின்ன தகரக் குப்பிக்குள்ளே ஒரு இரும்பு நாக்கு, வினாடிக்கு நூறு தடவைக்கு மேல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் 6 வோல்ட்டை வெட்டி வெட்டி ஒரு ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும். ட்ரான்ஸ்ஃபார்மர் அதை 200-க்கு மேல் உயர்த்தும். அங்கே ஒரு வால்வு அதைத் திரும்பவும் ஒரே திசைக்கு மாற்றும். அந்தக் காலத்து கார் ரேடியோவைப் போட்டதும் முதலில் ஒரு வண்டு ரீங்காரம் கேட்குமே, அது இந்த நாக்கு.

இப்போ கவனிங்க. பேட்டரியைத் தலைகீழா மாட்டினா என்ன ஆகும்? வைப்ரேட்டர் எப்படியும் கரண்டை ரெண்டு திசையிலும் வெட்டித்தான் அனுப்புது. ட்ரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினதும் உள்ளே வந்தது எந்தத் திசைங்கிற நினைவே இருக்காது. வால்வைச் சூடாக்கும் இழையும் பல்பு மாதிரிதான், திசை பாக்காது. அதனால் ரேடியோ பாடும். வைப்ரேட்டரே திசையையும் மாற்றிக் கொடுக்கிற இன்னொரு வகை இருந்தது. அதுக்குத் திசை முக்கியம். சில மாடல்களில் அந்தக் குப்பியைப் பிடுங்கி, திருப்பிச் செருகினா போதும்.

அதாவது அந்தத் தலைமுறை மெக்கானிக்குக்கு "பேட்டரியின் எந்த முனை பாடியில்?" என்பது உயிர்போகிற கேள்வி இல்லை.

1956: ரெண்டு மாற்றம் ஒரே நேரத்தில்

இங்கே பாடின்னா என்னன்னு சொல்லிடறேன். காரில் ஒவ்வொரு விளக்குக்கும் ரெண்டு வயர் இழுக்கிறதில்லை. ஒரு வயர்தான். திரும்பி வர்ற வழி காரின் இரும்பு உடம்பே. அதனால் பேட்டரியின் ஒரு முனையை நேரா உடம்பில் இணைச்சிடுவாங்க. இதுக்குப் பேர் எர்த். இன்னைக்கு உலகம் முழுக்க நெகட்டிவ் முனைதான் உடம்பில் இருக்கும். அன்னைக்கு அப்படி ஒரு ஒழுங்கு இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நெகட்டிவ். ஃபோர்டும் கிரைஸ்லரும் பாசிட்டிவ். பிரிட்டனில் 1930-களில் இருந்து பெரும்பாலும் பாசிட்டிவ். முனைகள் அரிச்சுப்போறது குறையும் என்பது அதுக்குச் சொல்லப்பட்ட ஒரு காரணம்.

1955-ல் ஃபில்கோ கம்பெனியும் கிரைஸ்லரும் சேர்ந்து, வால்வே இல்லாத, முழுக்க ட்ரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவை அறிவித்தன. 1956 மாடல் கிரைஸ்லர், இம்பீரியல் கார்களில் 150 டாலர் கூடுதலாக் கொடுத்தா கிடைக்கும். வைப்ரேட்டர் இல்லை, ரீங்காரம் இல்லை, சூடாகும் வரை காத்திருக்க வேண்டாம். பழைய வால்வு ரேடியோ 6, 7 ஆம்பியர் குடிக்கும். இது அதில் ஒரு சின்னப் பங்கு.

அதே 1956-ல் ஃபோர்டும் கிரைஸ்லரும் இன்னொன்றும் செஞ்சாங்க. 6 வோல்ட் பாசிட்டிவ் எர்த்தில் இருந்து 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்கு மாறினாங்க.

ஒரு மெக்கானிக்கின் இடத்தில் இருந்து யோசிங்க. இருபது வருஷமா ஃபோர்டு காரில் பாசிட்டிவ் முனையை உடம்பில் மாட்டிப் பழகின கை. நேத்து வரை அதுதான் சரி. இன்னைக்கு அதே பேர் போட்ட கார் வந்து நிக்குது. பழைய பழக்கத்தில் மாட்டினா, உள்ளே இருக்கிறது ட்ரான்சிஸ்டர். அதுக்குத் திசைதான் எல்லாமே. தலைகீழா வந்த கரண்டைத் தடுக்காமல் உள்ளே விட்டு, தானே சூடாகி உருகும். பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரும் தலைகீழ் வோல்ட்டைத் தாங்காது. வீங்கும், கசியும், சில சமயம் வெடிக்கும். அந்த "டப்" சத்தம் அங்கே பிறந்தது.

பிரிட்டனில் இந்தக் குழப்பம் இன்னும் பத்து வருஷம் ஓடியது. எம்ஜிபி கார் நெகட்டிவ் எர்த்துக்கு வந்ததே 1967 கடைசியில், மார்க் 2 மாடலில். அதுவரை கடைகளில் விற்ற பல ரேடியோக்களின் பின்னாடி ஒரு சின்ன ப்ளக் அல்லது சுவிட்ச் இருக்கும், பாசிட்டிவா நெகட்டிவான்னு தேர்ந்தெடுக்க. கார் மாத்தும்போது பழைய ரேடியோவைப் புது காருக்குக் கொண்டு போற வழக்கம் உண்டு. அப்போ அந்தச் சுவிட்சை மறந்தா முடிஞ்சது.

சுவிட்ச் இல்லாத ரேடியோ இன்னும் சிக்கல். நெகட்டிவ் எர்த் ரேடியோவை பாசிட்டிவ் எர்த் காரில் வைக்கணும்னா, ரேடியோவின் தகரப் பெட்டியே காரின் உடம்பைத் தொடக்கூடாது. பிளாஸ்டிக் வாஷர், ரப்பர் எல்லாம் வச்சு தனியாப் பிரிச்சு மாட்டுவாங்க. எல்லாம் சரியாச் செஞ்சு முடிச்சு, கடைசியில் ஆன்டெனா வயரைச் செருகுவாங்க. ஆன்டெனா வயரின் வெளி உறை காரின் உடம்போட இணைஞ்சிருக்கும். அது வழியா ஷார்ட்!

தன்னைக் கொடுத்துக் காப்பாத்துற டயோடு

இப்போ அந்த டயோடுக்கு வரலாம். ஒரு வழிக் கதவு மாதிரியான பொருள் அது. ரேடியோவின் பவர் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில், கதவு மூடின நிலையில் இருக்கிற மாதிரி அதை வைப்பாங்க. சரியா மாட்டினா அதுக்கு வேலையே கிடையாது. வருஷக்கணக்கில் சும்மா இருக்கும்.

பேட்டரி தலைகீழா வந்தா கதவு திறக்கும். கரண்ட் எல்லாம் ரேடியோவுக்குள்ளே போகாமல் டயோடு வழியா நேரா எர்த்துக்குப் பாயும். அது ஷார்ட்தான், ஆனா வேணும்னே செய்த ஷார்ட். அதைத் தாங்காமல் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போனதும் எல்லாம் அமைதி. இந்தக் களேபரத்தில் டயோடும் உள்ளுக்குள்ளே உருகி, நிரந்தரமா ஷார்ட் ஆகிடுறது உண்டு.

ரிப்பேர் பண்றவங்களுக்கு இது தெரியும், காருக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது. அவர் பேட்டரியைச் சரியா மாட்டிட்டு, புது ஃபியூஸ் போடுவார். போட்ட நொடியே அதுவும் போகும். இன்னொண்ணு, அதுவும் போகும். "ரேடியோ முழுசா எரிஞ்சுபோச்சு"ன்னு முடிவு பண்ணுவார். உண்மையில் எரிஞ்சது சில ரூபாய் டயோடு ஒண்ணு. அதைக் கழற்றிட்டு புதுசு வச்சா, பல நேரம் ரேடியோ பாடும்.

இதைவிட மோசமான முடிவும் உண்டு. "ஃபியூஸ் நிக்க மாட்டேங்குது"ன்னு 10 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியர் போடுறது, இல்லேன்னா சிகரெட் பெட்டியில் இருக்கும் வெள்ளித்தாளைச் சுத்தி வைக்கிறது. அப்போ ஃபியூஸ் போகாது. அதுக்குப் பதிலா போர்டில் இருக்கிற மெல்லிய செம்புக் கோடு எரியும், இல்லை வயரே எரியும். ஃபியூஸ் என்பது சங்கிலியில் வேணும்னே பலவீனமா வச்ச ஒரு கண்ணி. அதைப் பலப்படுத்தினா, அடுத்த பலவீனமான கண்ணி எதுன்னு நெருப்புதான் சொல்லும்.

டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம்

அடுத்த பழக்கம், நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் சிலர் இன்னும் செய்றது. எஞ்சின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவாங்க. எஞ்சின் நிக்காம ஓடினா, சார்ஜிங் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

டைனமோ காலத்தில் இது ஓரளவு அர்த்தமுள்ள சோதனைதான். ரேடியோவிலும் வால்வு, காரில் கம்ப்யூட்டர் கிடையாது. பெரிய சேதம் எதுவும் இல்லாமல் தப்பிச்சிடலாம்.

1960-ல் கிரைஸ்லர் தன் வேலியன்ட் காரில் டைனமோவுக்குப் பதிலா ஆல்டர்னேட்டர் வைத்தது. மற்றவங்களும் பின்னாடியே வந்தாங்க. இதில் ஒரு சுவாரஸ்யம். கார் ஆல்டர்னேட்டரை உருவாக்கிப் பரவலாக்கப் பாடுபட்டவர்களில் ஒருத்தர் எல்மர் வேவரிங். யார் இவர்? 1930-ல் கால்வினோட சேர்ந்து அந்த முதல் மோட்டோரோலா ரேடியோவில் வேலை செஞ்ச அதே ஆள். பின்னாளில் மோட்டோரோலாவின் தலைவரும் ஆனார்.

ஆல்டர்னேட்டர் நிறைய கரண்ட் கொடுக்கும். அந்தக் கரண்ட் பேட்டரிக்குள்ளே பாய்ந்துகொண்டு இருக்கும்போது, திடீர்னு டெர்மினலைக் கழற்றினா? ஓடுற தண்ணிக்கு குழாயை மூடின மாதிரி. உள்ளே சுழலும் காந்தம் ஒரே நொடியில் அணையாது. போக வழி இல்லாத கரண்ட், வோல்ட்டேஜா எகிறும். இதுக்கு லோட் டம்ப்னு பேர். தடுப்பு எதுவும் இல்லாத 12 வோல்ட் காருக்கு ஐ.எஸ்.ஓ 16750-2 தரநிலை சொல்ற சோதனை அளவைக் கேளுங்க: 79-ல் இருந்து 101 வோல்ட் வரை, 40-ல் இருந்து 400 மில்லிசெகண்ட் வரை. நாம் கண் சிமிட்டுற நேரம்தான். 12 வோல்ட்டுக்குப் பழகின சிப்புக்கு அது ஒரு யுகம்.

இன்னைக்குப் பல ஆல்டர்னேட்டர்களுக்குள்ளேயே இதைத் தணிக்கும் டயோடுகள் இருக்கு. அதுக்காகச் சோதிச்சுப் பாக்காதீங்க. இருபது ரூபாய் வேலைக்கு மல்டிமீட்டர் இருக்கு. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் பக்கம் காட்டினா சார்ஜ் ஆகுது. அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் வயர் செய்த துரோகம்

மூணாவது பழக்கம் ஸ்பீக்கர். பழைய கார்களில் ஸ்பீக்கருக்கு ஒரு வயர்தான் ரேடியோவில் இருந்து போகும். இன்னொரு முனை காரின் உடம்பில். செம்பு மிச்சம்.

அப்புறம் எல்லாருக்கும் சத்தம் வேணும்னு ஆனது. 14.4 வோல்ட்டை வச்சுக்கிட்டு, 4 ஓம் ஸ்பீக்கரில், பழைய முறையில் கணக்குப் போட்டா அதிகபட்சம் சுமார் 6.5 வாட். அதுக்கு மேல எவ்வளவு கெட்டிக்கார சர்க்யூட் வச்சாலும் வராது, பேட்டரி இடம் கொடுக்காது. அதனால் ஒரு தந்திரம் பண்ணினாங்க. ஒரு ஸ்பீக்கருக்கு ரெண்டு ஆம்ப்ளிஃபயர். ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும். ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜ் ரெண்டு மடங்கு, சக்தி நாலு மடங்கு. 6.5 வாட் 26 ஆகிடுது. பிரிட்ஜ் முறைன்னு இதைச் சொல்வாங்க.

இதுக்கு ஒரு விலை இருக்கு. இப்போ ஸ்பீக்கரின் ரெண்டு வயரிலும் எந்நேரமும் சுமார் 7 வோல்ட் நிக்கும். எதுவுமே எர்த் கிடையாது. பழைய காரில் புது ரேடியோவை மாட்டுறவர், "ஸ்பீக்கர் மைனஸ்தானே"ன்னு ஒரு வயரை உடம்பில் விட்டா, ஆம்ப்ளிஃபயரின் வெளிவாய் நேரா எர்த்தில் ஷார்ட். அவர் கத்துக்கிட்டது தப்பில்லை. ரேடியோ மாறியிருந்தது, ஸ்பீக்கர் கம்பி மாறலை.

சிப் செய்றவங்க இதையும் கவனிச்சாங்க. எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் டி.டி.ஏ 7384ன்னு ஒரு நாலு சேனல் சிப். கார் ரேடியோக்களில் ரொம்பப் புழங்கினது. அதன் டேட்டா ஷீட்டில் பாதுகாப்புகள்னு ஒரு பட்டியல் இருக்கு. வெளிவாய் எர்த்தில் ஷார்ட் ஆனா, பாசிட்டிவ்ல ஷார்ட் ஆனா, ஸ்பீக்கரின் ரெண்டு முனையும் ஒண்ணை ஒண்ணு தொட்டா, அளவுக்கு மேல சூடானா, லோட் டம்ப் வந்தா, எர்த் வயர் தற்செயலாப் பிரிஞ்சு போனா, பேட்டரி தலைகீழா மாட்டப்பட்டா. ஒவ்வொண்ணுக்கும் பாதுகாப்பு.

சாஃப்ட்வேரில் இருக்கிறவங்களுக்கு இதைப் படிச்சா ஒண்ணு தோணும். நம்ம கோடில் விசித்திரமான ஒரு இஃப் கண்டிஷன் இருக்கும். எதுக்குன்னே புரியாது. பழைய ஆளைக் கேட்டா, "ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்துச்சு, அதுக்காகப் போட்டது"ன்னு சொல்வார். இந்தப் பட்டியலும் அப்படித்தான். எங்கேயோ ஒரு கராஜில் யாரோ செய்த தவறுகளின் பதிவேடு அது.

நிறம் சொல்ற பொய்

தவறைத் தாங்குறது ஒரு வழி. நடக்கவே விடாமல் பண்றது இன்னொரு வழி. டொயோட்டாவோட சேர்ந்து வேலை செஞ்ச ஷிகெயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் இதுக்கு ஒரு பேர் வச்சார். முதலில் வச்ச பேர் பாகா-யோகே. "முட்டாளைத் தடுக்கிறது"ன்னு அர்த்தம். தொழிலாளர்களைப் புண்படுத்தும் பேர் அதுன்னு உணர்ந்ததும், போகா-யோகேன்னு மாத்தினார். "கவனப்பிசகைத் தடுக்கிறது". ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனா முழுப் பழியும் ஆளிடம் இருந்து அமைப்புக்கு இடம் மாறுது.

கார் ரேடியோவில் அந்த மாற்றம் படிப்படியா வந்தது. 180-க்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள பொதுவான ஓட்டை முதலில் ஜெர்மன் தரநிலையா வந்து, அப்புறம் ஐ.எஸ்.ஓ 7736 ஆனது. 1995-ல் ஐ.எஸ்.ஓ 10487. பவருக்கு ஒரு ப்ளக், ஸ்பீக்கருக்கு ஒரு ப்ளக், தலைகீழாச் செருக முடியாத வடிவம். வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுத்துற வேலையே வேண்டாம்.

ஆனா தரநிலை எழுதுறது வேற, எல்லாரும் அதன்படி நடக்கிறது வேற. இந்தப் ப்ளக்கில் 4-ம் முனை எப்பவும் 12 வோல்ட் இருக்கணும், 7-ம் முனை சாவி போட்டாத்தான் 12 வோல்ட் வரணும். பல ஃபோக்ஸ்வேகன் கார்களில் இது ரெண்டும் இடம் மாறி இருந்தது. வெளியில் வாங்கின ரேடியோவை அப்படியே செருகினா, வண்டியை அணைக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷன் எல்லாம் மறந்து போகும். இதனாலதான் பல ரேடியோக்களில் மஞ்சள், சிவப்பு வயர்களின் நடுவில் கழற்றி மாட்டக்கூடிய சின்ன இணைப்பு இருக்கும், இடம் மாத்திக்கிறதுக்கு.

மஞ்சள் நிலையான கரண்ட், சிவப்பு சாவி போட்டா வரும் கரண்ட், கறுப்பு எர்த் என்பது ரேடியோக்காரங்க வழக்கம். காரின் பக்கம் இருக்கும் வயருக்கு அந்த வழக்கம் தெரியாது. ஒவ்வொரு கார் கம்பெனிக்கும் ஒரு நிறப் பட்டியல். சிவப்பும் சிவப்பும்தானேன்னு சேர்க்கிறவர், ரெண்டு வேற மொழியில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொல்லை வச்சு அர்த்தம் சொல்ற மாதிரி. நிறத்தை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க.

எரியாமலே செத்த ரேடியோக்கள்

கடைசியா ஒரு வகை. இதில் எதுவுமே எரியலை.

1980-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கார் ரேடியோத் திருட்டு பெருந்தொல்லையா இருந்தது. அதுக்கு வந்த ஒரு பதில், கோடு. பேட்டரி தொடர்பு போய் வந்தா, ரேடியோ ஒரு எண்ணைக் கேட்கும். திருடனுக்குத் தெரியாது. ஃபோக்ஸ்வேகன் ரேடியோவில் "சேஃப்"னு திரையில் வரும். ரெண்டு தடவை தப்பாப் போட்டா, ஒரு மணி நேரம் அளவுக்குப் பூட்டிக்கும்.

பத்து வருஷம் கழிச்சு, அந்தக் கார் மூணு கை மாறியிருக்கும். கோடு எழுதின அட்டை எங்கேயோ போயிருக்கும். பேட்டரி மாத்துறாங்க. ரேடியோ நல்லாத்தான் இருக்கு, ஆனா திறக்காது. திருடனுக்காகக் கட்டின பூட்டு சொந்தக்காரரையே வெளியே நிறுத்திடுச்சு.

இன்னைக்கு அந்தப் பூட்டு இன்னும் ஆழமாப் போயிருக்கு. ரேடியோங்கிற தனிப் பெட்டியே பல கார்களில் இல்லை. திரை, கேமரா, ஏசி கட்டுப்பாடு எல்லாம் ஒண்ணா, காரின் உள் நெட்வொர்க்கில் ஒரு உறுப்பினரா இருக்கு. ஆடி கார்களில் காம்போனன்ட் ப்ரொடெக்‌ஷன்னு ஒரு ஏற்பாடு உண்டு. பழைய உதிரிபாகக் கடையில் இருந்து அதே மாடல் யூனிட்டை வாங்கி மாட்டினாலும், "நீ இந்த வண்டிக்காரன் இல்லை"ன்னு கண்டுபிடிச்சு முழுசா வேலை செய்யாது. கம்பெனி சர்வரோட பேசுற கருவி வேணும்.

பழைய பழக்கம் என்ன சொல்லுது? கெட்டுப்போனதைக் கழற்று, அதே மாதிரி ஒண்ணைத் தேடி மாட்டு. எண்பது வருஷமா அது சரியான பழக்கம். இப்போ வயரிங் எல்லாம் சரியா இருந்தும் அது தோத்துப்போகுது.

இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துது. இதுவரை நாம பாத்த ஒவ்வொரு கட்டத்திலும், பொறியாளர்கள் தவறு செய்தவரின் பக்கம் நின்னாங்க. டயோடு, ஃபியூஸ், ப்ளக், சிப் எல்லாமே "பரவாயில்லை, விடு"ன்னு சொன்ன பொருட்கள். இந்தப் புதுப் பூட்டு அப்படிச் சொல்லலை. திருட்டுக்குப் பயந்து வைக்கிறோம் என்பது நியாயமான காரணம்தான். ஆனா சாவியை யார் வச்சுக்கிறது என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-ல் இதுக்காக சட்டம் வந்தது, 2020-ல் மக்கள் வாக்களிச்சு அதை விரிவாக்கினாங்க. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அது எடுத்துக்கிட்ட நாலு துறைகளில் வாகனமும் ஒண்ணு.

சரி, நாளைக்கு உங்க வீட்டு காரில் ரேடியோ ஊமையானா? முதல்ல காரின் ஃபியூஸ் பெட்டி. அப்புறம் ரேடியோவின் முதுகில் இருக்கும் இன்னொரு ஃபியூஸ், அதைப் பலர் பாக்கிறதே இல்லை. போயிருந்தா அதே அளவு ஃபியூஸ் போடுங்க. அதுவும் உடனே போனா, தூக்கிப் போடாதீங்க. எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பண்றவர்கிட்ட கொண்டு போய், பேட்டரி தலைகீழா மாட்டினதை மறைக்காமல் சொல்லுங்க. வெட்கப்பட ஒண்ணுமில்லை. அவர் கை நேரா அந்த டயோடுக்குத்தான் போகும்.

அடுத்த எபிசோடில் பாக்கலாம்.